முகத்தில் பூசும் விஷம்!

சிவப்பாக்கும் கிரீம் சிறுநீரகத்தைக் கெடுப்பது எப்படி?

ராமநாதபுரம் மாவட்டத்தில், பரமக்குடிக்குப் பக்கத்தில் இருக்கிறது நயினார்கோவில்.

அங்கே கோவில் கொண்டிருப்பவர் நாகநாதர். நாகத்துக்குத் தலைவர். அம்மன் பெயர் சௌந்தரநாயகி. அழகின் தலைவி என்று பொருள்.

நாகதோஷம் தீர வேண்டும் என்று மக்கள் இங்கே வருகிறார்கள். இந்துக்கள் மட்டும் அல்ல, முஸ்லிம்களும் வந்து வணங்குகிறார்கள். வாய் பேசாத ஒரு முஸ்லிம் பெண்ணுக்கு இந்தத் தலத்தில் பேச்சு வந்தது என்று தலக்கதை சொல்லுகிறது.

நாகமும் அழகும் இந்தக் கோவிலில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. சாமியிடம் நாகம் அடங்கிக் கிடக்கிறது. ஆகவே பயம் இல்லை.

ஆனால், அழகும் விஷமும் சேர்ந்து இருக்கும் இடம் இன்னொன்று உண்டு. அது எங்கே?

பல வீடுகளில் முகம் பார்க்கும் கண்ணாடிக்குக் கீழே!

பாம்பு என்றால் சீறும். படம் எடுக்கும். கண்டதும் விலகி விடலாம். கண்ணாடிக்குக் கீழே இருக்கும் விஷம் சீறாது. கமகம என்று மணக்கும். காசு கொடுத்து வாங்கி வந்து, மக்களே அதை முகத்தில் பூசிக் கொள்கிறார்கள்.

அந்த விஷத்தின் பெயர் பாதரசம். அது ஒளிந்திருக்கும் இடம், "ஏழே நாளில் சிவப்பாகலாம்" என்று ஆசை காட்டும் மலிவு கிரீம்.

கோட்டக்கல்லில் நடந்தது

கேரளாவில் மலப்புரம் மாவட்டத்தில் கோட்டக்கல் என்ற ஊர் இருக்கிறது. ஆயுர்வேத வைத்தியத்துக்குப் பேர் போன ஊர். அங்குள்ள ஒரு தனியார் மருத்துவமனையின் சிறுநீரக டாக்டர்களுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, ஒரே வகை சிறுநீரகக் கோளாறோடு 22 பேர் வந்தார்கள். கால் வீக்கம், முக வீக்கம், நுரை நுரையாகச் சிறுநீர். இவைதான் இந்த நோயின் அடையாளங்கள்.

சிறுநீரகம் ஒரு சல்லடை. அழுக்கை வெளியே தள்ளும். உடம்புக்கு வேண்டிய புரதத்தை உள்ளே நிறுத்திக் கொள்ளும். இந்த நோயில் சல்லடையின் சவ்வு தடித்துக் கெட்டுப் போகிறது. புரதம் ஓட்டைக் குடத்துத் தண்ணீர் போல் வெளியே ஒழுகுகிறது.

டாக்டர்கள் சிறுநீரகத்தில் இருந்து ஊசியால் சதையைக் கிள்ளி எடுத்துச் சோதித்தார்கள். 22 பேரில் 15 பேருக்கு, 'நெல்-1' என்ற புரதத்தோடு சேர்ந்த அபூர்வ வகை நோய் இருந்தது. (இது வயலில் விளையும் நெல் அல்ல. உடம்பில் உள்ள ஒரு புரதத்தின் பெயர்.)

அபூர்வமான நோய் ஒரே வட்டாரத்தில் இத்தனை பேருக்கு வருவானேன்?

நோயாளிகளைத் துருவித் துருவி விசாரித்தார்கள். விடை கிடைத்தது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பாக்கும் கிரீம் பூசியவர்கள்!

கிரீமில் பாதரசம் இருந்தது. பாதரசம் தோல் வழியாக இரத்தத்தில் கலந்தது. இரத்தம் அதைச் சிறுநீரகத்துக்குக் கொண்டு போயிற்று. ஒருவருக்கு மூளை இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்து, உயிருக்கே ஆபத்து வந்தது.

கிரீம் பூசுவதை நிறுத்தியதும், பெரும்பாலோருக்கு நோய் தணிந்தது. இதுதான் இந்தக் கதையில் ஆறுதலான சேதி.

டாக்டர்கள் சஜீஷ் சிவதாஸ், ரஞ்சித் நாராயணன் இருவரும் இதை எழுதி, உலக அளவில் வெளிவரும் சிறுநீரக மருத்துவப் பத்திரிகையில் வெளியிட்டார்கள்.

பாதரசத்துக்கும் இந்த வகை நோய்க்கும் உள்ள உறவு தமிழ்நாட்டிலும் தெரிய வந்திருக்கிறது. நாட்டு மருந்து சாப்பிட்ட சிலருக்கு இதே 'நெல்-1' நோய் வந்ததை, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் 2022-ல் எடுத்துச் சொன்னார்கள். அந்த மருந்துகளிலும் பாதரசம் இருந்தது. வாய் வழியாகப் போனாலும், தோல் வழியாகப் போனாலும், பாதரசம் போய்ச் சேரும் இடம் ஒன்றே!

ஒரே வீட்டில் மூவர்

மராட்டிய மாநிலத்தில் அகோலா என்று ஓர் ஊர். அங்கே ஒரு குடும்பம். தாய், இரண்டு மகள்கள். ஒரு மகள் கல்லூரி மாணவி.

மூவருக்கும் ஒருவர் பின் ஒருவராகச் சிறுநீரகம் கெட்டது. பரம்பரை நோயோ? தண்ணீர்க் கோளாறோ? ஒன்றும் புரியவில்லை. கடைசியில் உண்மை வெளிப்பட்டது. உள்ளூர் அழகு நிலையத்தில் வாங்கிய ஒரு கிரீமை மூவரும் பூசி வந்தார்கள். பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் சோதித்த போது, அந்தக் கிரீமில் பாதரசம் இருந்தது தெரிந்தது. 2023-ம் ஆண்டு தொடக்கத்தில் இந்தச் செய்தி வெளிவந்தது.

அந்தப் பெண்கள் என்ன கண்டார்கள்? பூசினார்கள். முகம் வெளுத்தது. "நல்ல கிரீம்" என்று நம்பி மேலும் பூசினார்கள். எது நல்ல குணம் என்று நினைத்தார்களோ, அதுதான் விஷத்தின் வேலை!

வெளுப்பது எப்படி?

மனிதத் தோலில் மெலனின் என்ற நிறப் பொருள் இருக்கிறது. அது அதிகம் இருந்தால் கறுப்பு. குறைந்திருந்தால் சிவப்பு. இந்த நிறப் பொருளை உண்டாக்க, தோலுக்குள் ஒரு நொதி வேலை செய்கிறது. பாதரசம் அந்த நொதியின் கையைக் கட்டிப் போடுகிறது. புது மெலனின் உண்டாவதில்லை. தோல் வெளுக்கிறது.

கிரீமில் போடுவது, தெர்மாமீட்டரில் ஓடும் வெள்ளி நிறப் பாதரசம் அல்ல. பாதரசத்தின் உப்பு. வெள்ளைப் பொடி. சித்த வைத்தியர்கள் 'பூரம்' என்று சொல்லும் பொருள் இந்த இனத்தைச் சேர்ந்ததுதான். கிரீமில் கலந்தால் கண்ணுக்குத் தெரியாது. விலையோ குறைவு. விளைவோ வேகம். மோசடிக்காரனுக்கு வேறென்ன வேண்டும்?

பூசுவதை நிறுத்தினால், பழைய நிறம் திரும்பி வந்து விடும். சிலருக்கு முன்னிலும் கறுத்துத் திட்டுத் திட்டாக ஆகும். உடனே பயந்து போய் மறுபடி பூசுவார்கள். இப்படியே டப்பா டப்பாவாகப் போகும். சிறுநீரகத்தில் விஷம் ஏறிக் கொண்டே இருக்கும்.

பாதரசத்தின் குணம் தமிழ்நாட்டுக்குப் புதிது அல்ல. கொடைக்கானலில் இருந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலை, பாதரசக் கழிவுப் பிரச்சினையால் 2001-ல் மூடப்பட்டது. அங்கே வேலை பார்த்தவர்கள் நஷ்டஈட்டுக்காகப் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது.

பூசாதவருக்கும் ஆபத்து!

அம்மா பூசுகிறாள். குழந்தைக்கு என்ன வந்தது என்று கேட்கலாம்.

அம்மாவின் கன்னத்தில் குழந்தை முகம் புதைக்கிறது. அம்மாவின் கையைப் பிடித்து வாயில் வைக்கிறது. ஒரே துண்டு, ஒரே தலையணை. அம்மாவின் முகத்தில் உள்ளது குழந்தைக்கும் வந்து சேருகிறது. அது மட்டும் அல்ல, பாதரசம் ஆவியாகி வீட்டுக் காற்றிலும் கலக்கும்.

2010-ல் அமெரிக்காவில் கலிபோர்னியா, வர்ஜீனியா மாநிலங்களில், இத்தகைய கிரீம் பூசியவர்களின் வீடுகளைச் சோதித்தார்கள். கிரீமைத் தொடாதவர்களின் சிறுநீரிலும் பாதரசம் அதிகமாக இருந்தது!

கர்ப்பிணிகள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பாதரசம் தாயின் இரத்தத்தில் இருந்து வயிற்றில் உள்ள சிசுவுக்குப் போகும். அப்போதுதான் உருவாகும் மூளையையும் நரம்பையும் அது தாக்கக் கூடும். "பிள்ளை சிவப்பாகப் பிறக்க வேண்டும்" என்று குங்குமப்பூ சாப்பிடுகிறவர்கள் உண்டு. அதனால் நிறம் மாறாது. என்றாலும் சிறிதளவில் கெடுதல் இல்லை. ஆனால் பாதரசக் கிரீம் பூசினால், பிள்ளையின் நிறம் மாறாது, மூளைதான் பழுதாகக் கூடும்.

விஷம் இன்னொன்று

பாதரசம் இல்லாவிட்டாலும் ஆபத்து தீர்ந்து விடாது. சில களிம்புகளில் ஸ்டீராய்டு என்ற மருந்து இருக்கிறது.

ஸ்டீராய்டு நல்ல மருந்துதான். சில தோல் நோய்களுக்கு, டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நாளுக்குப் பூசினால் குணம் தரும். ஆனால் மக்கள் என்ன செய்கிறார்கள்? பக்கத்து வீட்டுப் பெண் பூசினாள், முகம் பளபளத்தது, நாமும் பூசுவோம் என்று மருந்துக் கடைக்குப் போகிறார்கள். மாதக் கணக்கில் பூசுகிறார்கள்.

நாளாக நாளாகத் தோல் மெலிந்து போகிறது. உள்ளே உள்ள இரத்தக் குழாய்கள் சிலந்தி வலை போல் வெளியே தெரிகின்றன. பரு கிளம்புகிறது. பெண்கள் முகத்தில் முடி முளைக்கிறது. நிறுத்தினால் முகம் தீயாக எரிகிறது!

இது நாடு முழுவதும் பரவியதால், 2018-ம் ஆண்டில் மத்திய அரசாங்கம் 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று உத்தரவு போட்டது.

பொட்டு, மை, மருதாணி

கோவில் ஊர்களில் சன்னதித் தெருக் கடைகளைப் பாருங்கள். மஞ்சள், குங்குமம், பொட்டு, கண் மை, மருதாணி எல்லாம் வரிசையாக இருக்கும். இவற்றிலும் நல்லது உண்டு, கெட்டது உண்டு.

குங்குமம்: மஞ்சளோடு சுண்ணாம்பு போன்ற காரப் பொருள் சேர்ந்தால் சிவப்பு நிறம் வரும். ஆரத்தித் தட்டில் நீங்கள் பார்ப்பது இதைத்தான். மஞ்சளில் செய்த குங்குமத்தால் பெரும்பாலும் தொல்லை இல்லை. ஆனால் மலிவுக் குங்குமத்தில் துணிச் சாயம் போன்ற செயற்கைச் சாயங்களைக் கலப்பது உண்டு. வட நாட்டில் வகிட்டில் இடும் செந்தூரத்தில் ஈயச் செந்தூரம் கலந்திருப்பதும் உண்டு. ஈயம் மூளைக்கும் நரம்புக்கும் பகை.

ஒட்டுப் பொட்டு: இதன் பின்பக்கத்துப் பசையில் உள்ள ஒரு ரசாயனம், சிலருக்குப் பொட்டு வைக்கும் இடத்தில் மட்டும் வட்டமாக வெள்ளைத் தழும்பை உண்டாக்குகிறது. "வெண்குஷ்டம் வந்து விட்டது" என்று வீட்டில் அழுகைக் குரல் கேட்கும். அது குஷ்டம் அல்ல! தொற்று நோயும் அல்ல. பசை செய்த வேலை. உடனே ஒட்டுப் பொட்டை நிறுத்தி விட்டுத் தோல் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

சுர்மா: கடற்கரை ஊர்களில் பல வீடுகளில் சுர்மா இடும் வழக்கம் உண்டு. ஒரு வகைக் கல்லைப் பொடி செய்து சுர்மா தயாரிக்கிறார்கள். அந்தக் கல் பல சமயம் ஈயக் கல்லாக இருக்கிறது. குழந்தை கண்ணைக் கசக்கி விட்டு, விரலை வாயில் வைக்கும். ஈயம் வயிற்றுக்குள் போகும். கைக்குழந்தையின் கண்ணுக்குள் எந்த மையும் தீட்ட வேண்டாம் என்பதே டாக்டர்கள் சொல்லும் யோசனை. திருஷ்டி கழிக்க வேண்டுமானால், பாதத்தில் ஒரு பொட்டு வைத்தால் போதாதா?

கறுப்பு மருதாணி: இலையைப் பறித்து அம்மியில் அரைத்து இடும் மருதாணி செக்கச் செவேல் என்று பற்றும். கறுப்பாகப் பற்றாது. "அரை மணியில் கறுப்பாகும்" என்று விற்கும் கூம்பில் தலைச் சாயப் பொருள் கலந்திருக்கும். அதன் பெயர் பாரா-பினைலின்-டை-அமீன். சிலருக்கு அது கொப்புளத்தைக் கிளப்பி, மருதாணிக் கோலத்தையே தழும்பாக ஆக்கி விடும். கல்யாணப் பெண்ணுக்கு இது தேவைதானா?

ஓர் அழகியின் முடிவு

அழகுக்காக விஷம் பூசுவது இன்று நேற்று வந்த பழக்கம் அல்ல.

18-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் மரியா கன்னிங் என்று ஒரு பேரழகி இருந்தாள். ஒரு பிரபுவை மணந்தாள். அவள் தெருவில் நடந்தால் பார்க்கக் கூட்டம் கூடுமாம். முகம் வெள்ளை வெளேர் என்று இருக்க வேண்டும் என்று, அந்தக் காலத்து வழக்கப்படி ஈய வெள்ளையைப் பூசினாள். தோல் புண்ணாயிற்று. புண்ணை மறைக்க மேலும் பூசினாள். 1760-ல் இறந்து போனாள். அப்போது அவளுக்கு முப்பது வயது கூட ஆகவில்லை. அந்த வெள்ளைப் பூச்சே அவள் உயிரைக் குடித்தது என்று சொல்லப்படுகிறது.

1933-ல் அமெரிக்காவில் 'லாஷ் லூர்' என்ற இமைச் சாயம் விற்றது. அதைத் தீட்டிக் கொண்ட ஒரு பெண்ணுக்குக் கண் பார்வையே போயிற்று. அதில் இருந்ததும், கறுப்பு மருதாணியில் கலக்கிறார்களே, அதே தலைச் சாயப் பொருள்தான்! அந்தச் சாயத்தைத் தடுக்க அன்று அங்கே சட்டம் இல்லை. மக்கள் கொதித்தார்கள். 1938-ல் அழகுப் பொருள்களையும் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது.

இந்தியாவில் 1940-ல் மருந்துச் சட்டம் வந்தது. 1962-ல் அதைத் திருத்தி, அழகுப் பொருள்களையும் அதில் சேர்த்தார்கள். இன்றும் தலைச் சாய டப்பாவைப் பாருங்கள். "புருவத்துக்கும் இமைக்கும் போடாதீர்கள். பார்வை போகலாம்" என்ற எச்சரிக்கை இருக்க வேண்டும் என்பது விதி. ஒரு பெண்ணின் கண் போன பிறகு உலகம் கற்றுக் கொண்ட பாடம் அது.

சட்டம் என்ன சொல்கிறது?

2020-ம் ஆண்டில் மத்திய அரசாங்கம் அழகுப் பொருள்களுக்குத் தனி விதிகள் வெளியிட்டது. அதன்படி, ஈயத்தையும் ஆர்சனிக் என்ற பாஷாணத்தையும் நிறத்துக்காகச் சேர்க்கக் கூடாது. முகக் கிரீமில் பாதரசம் சேர்க்கக் கூடாது. தற்செயலாக ஒட்டிக் கொண்டு வந்தாலும், பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. அதாவது, 1,000 கிலோ கிரீமில் 1 கிராம்!

வெளியே கிடைக்கும் சரக்கு எப்படி இருக்கிறது?

2014-ல் டில்லியில் உள்ள அறிவியல், சுற்றுச்சூழல் மையம் 32 சிவப்பழகு கிரீம்களைச் சோதித்தது. 14-ல் பாதரசம் இருந்தது. பாதரசத்தை எதிர்த்துப் பாடுபடும் ஓர் உலக அமைப்பு, 12 நாடுகளில் வாங்கிய 158 கிரீம்களைச் சோதித்து 2019-ல் முடிவை வெளியிட்டது. 96 கிரீம்களில் பாதரசம் மிக அதிகம். சிலவற்றில் 100 கிராமுக்கு 13 கிராம் வரை பாதரசம்! அது கிரீம் அல்ல, விஷக் குப்பி!

கேரள அரசாங்கம் 2023-ல் 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் கடைகளைச் சோதனை போடத் தொடங்கியது. சில பொருள்களில், அனுமதித்த அளவைப் போல் 12,000 மடங்கு பாதரசம் இருந்ததாக 2025-ல் அறிவித்தது.

ஜப்பானில் மினமாட்டா என்ற கடற்கரை ஊர் இருக்கிறது. தொழிற்சாலைப் பாதரசம் கடலில் கலந்து, மீன் வழியாக மக்களைத் தாக்கியது. அந்தக் கொடிய நோய் 1956-ல் வெளியே தெரிந்தது. அந்த ஊரின் பெயராலேயே 2013-ல் உலக நாடுகள் ஓர் ஒப்பந்தம் செய்து கொண்டன. 2018-ல் இந்தியாவும் அதை ஏற்றது. பாதரசம் சேர்த்த அழகுப் பொருள்களை 2025-க்குள் அடியோடு ஒழிப்பது என்று 2023-ல் ஜெனீவாவில் கூடிய நாடுகள் முடிவு செய்தன.

சட்டம் இருக்கிறது. ஒப்பந்தம் இருக்கிறது. ஆனாலும் பெயர் தெரியாத டப்பா, பெட்டிக் கடைக்கும் கைத்தொலைபேசிக் கடைக்கும் வந்து விடுகிறது. ஆகவே வாங்குகிறவர்தான் விழித்துக் கொள்ள வேண்டும்.

வாங்கும் முன் பாருங்கள்

1. தயாரித்தவர் யார்? பெயரும் முழு முகவரியும் டப்பாவில் இருக்க வேண்டும். இல்லையானால், கீழே வைத்து விடுங்கள்.

2. இந்தியாவில் செய்ததானால், உற்பத்தி லைசென்சு எண் இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கானால், பதிவு எண்ணும் இறக்குமதி செய்தவர் முகவரியும் இருக்க வேண்டும். "துபாயில் இருந்து வந்தது", "பாகிஸ்தான் சரக்கு" என்பதெல்லாம் தரத்துக்கு அத்தாட்சி அல்ல. வளைகுடா நாடுகளில் ஆண்கள் வேலை பார்க்கும் குடும்பங்கள் இந்தக் கடற்கரையில் நிறைய. ஊருக்கு வரும் பெட்டியில் அன்பாக வைத்து அனுப்பும் கிரீமையும் இப்படியே பார்க்க வேண்டும்.

3. என்னென்ன பொருள்கள் சேர்ந்தன என்ற பட்டியலைப் படியுங்கள். மெர்க்குரி, மெர்க்குரிக், மெர்க்குரஸ், கலோமெல், மெர்க்குரியோ, இவற்றில் எந்தச் சொல் இருந்தாலும் அது பாதரசமே. படிக்கத் தெரியாவிட்டால், வீட்டில் படிக்கும் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள்.

4. "தங்கம், வெள்ளி நகையில் படாமல் பூசவும்" என்று எழுதியிருக்கிறதா? ஜாக்கிரதை! பாதரசம் தங்கத்தைப் பற்றிக் கொண்டு வெளுக்கச் செய்யும். நகைக்கு ஆகாத கிரீம் முகத்துக்கு ஆகுமா?

5. "ஏழு நாளில் சிவப்பு" என்று உறுதி சொன்னால் வாங்காதீர்கள். விரைவாக வெளுப்பதே விஷத்தின் முதல் அடையாளம்.

6. அழகு நிலையத்தில் பெயர்ச் சீட்டு இல்லாத டப்பாவில் கலந்து கொடுக்கும் கிரீமைத் தொடாதீர்கள்.

7. தலைச் சாயம் போடும் முன், சிறிது எடுத்துத் தோலில் தடவி 24 மணி நேரம் பாருங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் போடாதீர்கள்.

ஏற்கெனவே பூசி விட்டால்?

பயப்பட வேண்டாம். ஆனால் தாமதம் வேண்டாம்.

முதலில் கிரீமை நிறுத்துங்கள். காலையில் எழும் போது முகம் வீங்குகிறதா, காலை அழுத்தினால் குழி விழுகிறதா, சிறுநீரில் நுரை அடங்காமல் நிற்கிறதா என்று கவனியுங்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிறுநீரில் புரதம் போகிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். எளிய சோதனை. புரதம் போனால், ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். போகும் போது கிரீம் டப்பாவையும் கொண்டு போங்கள். டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். பல பெண்கள் வெட்கப்பட்டு மறைத்து விடுகிறார்கள். ஆண்களும் மறைக்கிறார்கள். காரணம் தெரியாமல் வைத்தியம் நீளுகிறது.

ஸ்டீராய்டு களிம்பை நெடுநாள் பூசியவர்கள், டாக்டரைக் கேட்டு அவர் சொன்னபடி நிறுத்த வேண்டும்.

சந்தேகமான கிரீமைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். அடுப்பிலும் போடாதீர்கள், விஷம் ஆவியாகப் பரவும். மூடி, பிளாஸ்டிக் பையில் கட்டி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். மாவட்டத்தில் மருந்து ஆய்வாளர் இருக்கிறார். அவரிடம் புகார் கொடுக்கலாம்.

எல்லா ரசாயனமும் விஷமா?

இல்லை. உப்பும் ரசாயனமே. தண்ணீரும் ரசாயனமே.

மண்டபம் பகுதியில் பாக் நீரிணைக் கரையோரம் கடற்பாசி வளர்க்கிறார்கள். அதிலிருந்து எடுக்கும் கூழ்ப் பொருள் பற்பசையிலும் கிரீமிலும் சேருகிறது. அதனால் கேடு இல்லை. கிரீம் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்கவும் சில ரசாயனங்கள் அளவோடு வேண்டும்.

அதே போல், 'மூலிகை' என்று அச்சடித்த டப்பாவெல்லாம் நல்லதும் அல்ல. பச்சை இலைப் படம் போட்டு, உள்ளே பாதரசம் வைத்து விற்க முடியாதா? படத்தைப் பார்க்காதீர்கள், பட்டியலைப் பாருங்கள்.

கறுப்பு குறையா?

மன்னார் வளைகுடாவில் கடற்பாசி எடுக்கும் பெண்கள், வெயிலில், உப்புத் தண்ணீரில் மணிக் கணக்காக மூழ்கி எழுகிறார்கள். நயினார்கோவில் பக்கத்துக் கிராமங்களில் பெண்கள் மிளகாய்க் காட்டில் வெயிலில் நிற்கிறார்கள். அந்த வெயிலைத் தாங்குவது எது?

அவர்கள் தோலில் உள்ள மெலனின்! சூரியனின் தீய கதிரை அது தடுத்து நிறுத்துகிறது. இயற்கை கொடுத்த குடை அது. அந்தக் குடையைக் கிழிக்கத்தான் கடையில் காசு கொடுக்கிறார்கள்.

"கறுப்பே அழகு, காந்தலே ருசி" என்றார்கள் பெரியவர்கள். ஆனால் பெண் பார்க்க வரும் போது மட்டும், "பெண் கொஞ்சம் மாநிறம்" என்று வாயை மென்று முழுங்குகிறார்கள். அந்த ஒரு சொல், ஒரு பெண்ணைக் கடைக்கு விரட்டுகிறது. பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகள் கூட, பள்ளியில் தோழிகள் கேலி செய்தார்கள் என்று ஒளித்து வைத்துப் பூசுகிறார்கள்.

கறுத்த நிறத்தவரைத் தாழ்வாகக் காட்டி விளம்பரம் செய்யக் கூடாது என்று, இந்திய விளம்பரத் தர மன்றம் 2014-ல் விதி செய்தது. விளம்பரத்துக்கு விதி போடலாம். வீட்டுப் பேச்சுக்கு யார் விதி போடுவது? பெற்றவர்கள்தான் போட வேண்டும்.

"கறுவாச்சி" என்று மகளைக் கூப்பிடாதீர்கள். மருமகளின் நிறத்தை மாமியார் நாலு பேர் நடுவே பேச வேண்டாம். மாப்பிள்ளை வீட்டார் நிறம் கேட்டால், "பெண்ணின் படிப்பைக் கேளுங்கள், குணத்தைக் கேளுங்கள்" என்று சொல்லத் தயங்காதீர்கள்.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் எல்லோரும் இருப்பீர்கள். கண்ணாடிக்குக் கீழே இருக்கும் டப்பாக்களை எடுத்து ஒவ்வொன்றாகப் படித்துப் பாருங்கள். முகவரி இல்லாத டப்பா ஒன்று இருந்தாலும், இன்றே ஒதுக்கி விடுங்கள்.

முகம் கறுத்தால் ஒன்றும் குடி முழுகாது. சிறுநீரகம் கெட்டால் குடும்பமே தவிக்கும்!